மண்ணெண்ணெய்க் கணக்குத் தெரியாமல் ஓட்டுக் கேட்கப் போனோம்

"கஷ்டப்பட்டு உழைக்கும் சனங்களிடம் தமிழ்க் கட்சிகள் திரும்பவும் எப்படி நெருங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு கட்சியின் இளைஞர் அணியில் இருப்பீர்கள், 2024 பாராளுமன்றத் தேர்தல் முடிவு உங்களைச் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். என்னையும் சுட்டது. திருகோணமலையில் ஒன்பது வருடம் ஒரு கட்சிக்காக வீடு வீடாகப் போனவன் நான். கட்சியின் பெயர் வேண்டாம்.

2022 ஆகஸ்டில், மீன்பிடிப் போட்கள் ஓடும் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்தக் கிழமை ஒரு காலையில் திருக்கடலூர்க் கரையில் மச்சானின் போட் வந்து சேர்ந்தபோது நானும் நின்றேன். போட் அவனுடையது இல்லை, சம்மாட்டியுடையது. மச்சானும் இன்னொருவரும் கூலிக்கு இல்லை, பங்குக்குத்தான் கடலுக்குப் போகிறார்கள். மீன் 9,000 ரூபாய்க்குப் போனது. சம்மாட்டி பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து, ஈரக் கையோடு கணக்கு எழுதினார். 20 லீட்டர் எண்ணெய் 6,800. மிச்சம் 2,200. அதில் பாதி போட்டுக்கு. மீதி 1,100 ரூபாயை இரண்டு பேரும் பிரித்தார்கள், ஆளுக்கு 550. பழைய விலையில் இதே மீனுக்கு ஆளுக்கு 1,815 வந்திருக்கும். எண்ணெய்க் காசை முதலில் கழித்துவிட்டுத்தான் பங்கு என்பதால், விலை ஏறினால் போட் வைத்திருப்பவரோடு சேர்ந்து போட்டே இல்லாதவனும் அதைச் சுமக்கிறான். அவ்வளவு காலம் அந்தத் தெருவில் ஓட்டுக் கேட்டும் எனக்கு இது தெரியாமல் இருந்தது.

மச்சான் காசைச் சாரத்தில் முடிந்துகொண்டு, "உங்கட ஆக்கள் இதைப் பற்றி ஏதாவது கதைச்சவங்களா?" என்று கேட்டான். அன்று பின்னேரம் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். "அது அரசாங்கம் செய்யிற வேலை தம்பி, நாங்கள் என்ன செய்யிறது" என்று மேடையில் இருந்தவர் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஒரு அறிக்கைகூட வரவில்லை.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் 4 ஆசனங்களில் 2 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போனது. மச்சானும் அதற்குத்தான் போட்டான், என்னிடம் மறைக்கவும் இல்லை. எங்கள் ஆட்கள் அவனை விலைபோனவன் என்றார்கள். யாரிடமும் ஐந்து சதம் வாங்காதவனை அப்படிச் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இதை வாசித்துவிட்டு "சோற்றுக்காக உரிமையை விடச் சொல்கிறான்" என்று யாராவது எழுத வருவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கள் மூத்த தமிழ்த் தலைவர் சம்பந்தன் ஐயா இறந்தபோது அழுதவன் நான். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து தமிழும் ஆட்சிமொழியானது. ஆனால் போன வருடம் ஒரு அலுவலகத்திலிருந்து என் அம்மாவுக்கு வந்த கடிதத்தில் ஒரு எழுத்துத் தமிழ் இல்லை. முழுக்கச் சிங்களம். சந்தியில் நின்ற ஆட்டோக்காரத் தம்பிதான் வாசித்துச் சொன்னார், அதற்குள் பதில் அனுப்ப வேண்டிய நாள் கடந்துவிட்டது. அந்த அலுவலகத்துக்கு இரண்டு தரம் எழுதினேன், பதிலே இல்லை. ஆகவே உரிமை எனக்கும் வேண்டும். அந்தக் கடிதமும் மச்சானின் 550 ரூபாயும் ஒரே குடும்பத்துக்குள் நடந்தவை. கட்சி மட்டும் ஏன் இரண்டில் ஒன்றைத்தான் தன் வேலை என்று நினைக்கிறது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேர்தல் இல்லாத மாதங்களில் போங்கள். நுண்கடன்காரர் வாரத் தவணைக் காசு வாங்க வரும் நாளில் கூட்டம் வைக்காதீர்கள், பெண்கள் அன்றைக்கு வாசலுக்கே வரப் பயப்படுவார்கள். உள்ளூராட்சிப் பட்டியலில் கடலுக்குப் போகிறவரையும் வீட்டு வேலைக்குப் போகிற அக்காவையும் எண்ணிக்கையை நிரப்பப் போடாமல், வெல்லக்கூடிய வட்டாரத்தில் நிறுத்துங்கள். சபையில் எண்ணெய் பற்றியும் கடன் பற்றியும் பேச அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

அப்புறம், ஒரு நாள் விடியற்காலையில் திருக்கடலூர்க் கரைக்கு வாருங்கள். போட்கள் வந்து சேரும் நேரம். நோட்டீஸ் வேண்டாம், கமெரா வேண்டாம். இன்றைக்கு எத்தனை லீட்டர் அடித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மிச்சக் கணக்கை மச்சானே சொல்லுவான்.