எல்லாருக்கும் ஒரே முகமா?

கேள்வி: ஜப்பானிய மர அச்சு ஓவியங்களில் வரும் அழகிகள் எல்லாருக்கும் ஒரே முகம்தானே? நீள மூக்கு, கீற்றுக் கண், பொட்டளவு வாய். இதைப் போய் எப்படி உருவப்படம் என்கிறார்கள்?

பதில்: அவசரப்பட்டு முடிவுகட்டிவிடாதீர்கள். கித்தாகவா உத்தமாரோ 1793 வாக்கில் வரைந்த 'இக்காலத்து மூன்று அழகிகள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவர் தோயோஹினா என்கிற கெய்ஷா (ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர்), மற்ற இருவரில் ஒகித்தா தேநீர்க் கடைப் பெண், ஒஹிசா அரிசி முறுக்கு வியாபாரியின் மகள். எடோ நகரமே, அதாவது இன்றைய டோக்கியோவே, பேர் சொல்லி அறிந்த பெண்கள் இவர்கள். மூன்று முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள், மூக்கின் வளைவும் கண்ணின் அகலமும் கன்னத்தின் சதையும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் வேண்டுமென்றே செய்தது. அதோடு உடையிலோ விசிறியிலோ அவரவர் குடும்பச் சின்னமும் இருக்கும், அன்றைக்கு அதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், அரசு உரிமம் பெற்ற கணிகையரைத் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. உத்தமாரோ என்ன செய்தார் தெரியுமா? ஒகித்தாவின் இன்னொரு படத்தின் மூலையில் இரண்டு கட்டுக் கீரை, ஒரு அம்பு, கடல், வயல் என்று வரைந்தார். ஜப்பானிய மொழியில் கீரை 'ந', இரண்டு கட்டு 'நிவா', அம்பு 'யா', நடுக்கடல் 'ஒகி', வயல் 'தா'. சேர்த்துப் படித்தால் நனிவாயா ஒகித்தா, கடைப் பெயரோடு பெண்ணின் பெயர்! 1796-இல் இந்த விடுகதைக்கும் தடை வந்தது.

முகத்தைவிட எனக்கு அதிசயம் நெற்றி ஓரத்து முடி. படத்தைச் செதுக்கி அச்சடிக்கும் மரக்கட்டையில் மேடாக நிற்பதுதான் அச்சில் விழும், அதனால் ஒரு முடி வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கத்து மரத்தையும் சீவி எடுத்துவிட்டு, அந்த ஒற்றை இழையை மட்டும் உடையாமல் நிறுத்த வேண்டும். செர்ரி மரம் கெட்டியானது என்பதால்தான் அது தாங்குகிறது. உடையின் பூவேலையைச் சீடப்பிள்ளைகள் செதுக்கலாம், முகமும் முடியும் பட்டறையின் மூத்த கைக்கு மட்டும்தான். படத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கிறது, பதிப்பாளர் முத்திரை இருக்கிறது, ஆனால் அந்த முடியைச் செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறாத குறை.