போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல பழைய பிரைமரி (மெயின் சர்வர்) திரும்ப சேரமாட்டேங்குதா? அவசரப்பட்டு அழிச்சிடாதீங்க

ப்ரோ, நீங்க சொன்னத வச்சு பாத்தா ராத்திரி பிரைமரி விழுந்துச்சு, ஸ்டாண்ட்பைய (அதோட நகல் சர்வர) புது பிரைமரியா ப்ரமோட் பண்ணீங்க, அப்புறம் பழைய மெஷின் தானா ரீபூட் ஆகி போஸ்ட்கிரெஸும் எழுந்து நின்னுருச்சு, இப்போ அத ஸ்டாண்ட்பையா சேத்தா லாக்ல டைம்லைன் 1 இந்த சர்வரோட ஹிஸ்டரில இல்லன்னு வருது. டைம்லைன்னா டேட்டாபேஸ் எழுதிட்டு வர்ற வரலாற்றோட ஒரு கிளை; ப்ரமோட் பண்ணதும் புதுசு டைம்லைன் 2க்கு போயிடுச்சு, பழசு 1லயே தனியா எழுதிட்டு இருந்திருக்கு, ரெண்டும் பிரிஞ்ச பாதை.

மொதல்ல பழசுல போஸ்ட்கிரெஸ முறையா நிறுத்துங்க, டேட்டா டைரக்டரிய முழுசா வேற டிஸ்க்ல காப்பி எடுங்க. இத மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க, ஏன்னா அந்த நேரத்துல ஏதாவது ஆப் பழைய ஐபிக்கே எழுதியிருந்தா அந்த ரோ எல்லாம் அங்க மட்டும்தான் இருக்கும், ரீவைண்ட் (பழச புதுசோட பாதைக்கு திருப்புறது) பண்ணா போயிடும். எங்க ஆபீஸ்ல இப்படித்தான் சில ஆர்டர் போச்சு, கஸ்டமர் போன் பண்ணப்போ காட்ட ஒரு வரி கூட இல்ல, இன்னும் மனசு கேக்கல.

அப்புறம் அந்த ரீவைண்டுக்கு பிஜி ரீவைண்ட் (pg_rewind) டூல ஓட்டுங்க. அதுக்கு டேட்டா செக்சம் (டேட்டா கெட்டுப்போச்சான்னு பாக்குற சரிபார்ப்பு எண்) இல்லனா வால் லாக் ஹின்ட்ஸ் (wal_log_hints) செட்டிங் முன்னாடியே ஆன்ல இருந்திருக்கணும், இல்லாட்டி புது பிரைமரில இருந்து பேஸ்பேக்கப் (முழு நகல்) எடுத்து புதுசா கட்டுறதுதான் வழி. வெர்ஷன் 12 இல்ல அதுக்கு மேலன்னா டேட்டா டைரக்டரில ஸ்டாண்ட்பை சிக்னல் (standby.signal) ஃபைல வச்சிட்டுதான் ஸ்டார்ட் பண்ணணும், மறந்தா திரும்ப பிரைமரியாவே எழும்.

பூட்ல ஆட்டோ ஸ்டார்ட்ட இன்னைக்கே எடுத்துடுங்க. ரெண்டே மெஷின் இருந்தா யாரு உயிரோட இருக்கான்னு அதுங்களால முடிவு பண்ண முடியாது, எட்சிடிக்கு (etcd, பெரும்பான்மை ஓட்டுல முடிவ ஒத்துக்க உதவுற சாஃப்ட்வேர்) மூணாவதா ஒரு சின்ன மெஷின் போடுங்க.

வெர்ஷனும், ஷோ டேட்டா செக்சம்ஸ் (SHOW data_checksums) கமாண்ட் என்ன காட்டுதுன்னும் போடுங்க, பாத்து சொல்றேன்.