மதச் சுதந்திர சட்ட கிளினிக்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவில் ஒரு சட்டக் கல்லூரியின் மதச் சுதந்திர கிளினிக்கில் சில ஆண்டுகள் மாணவர்களை மேற்பார்வையிட்டேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கிளினிக் என்றால் ஆஸ்பத்திரி மாதிரியா?

கிட்டத்தட்ட. மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துக் கற்பதுபோல, இங்கே நிஜமான கட்சிக்காரரை வைத்துக் கற்கிறார்கள். கட்சிக்காரருக்குக் கட்டணம் கிடையாது. மதச் சுதந்திரத்துக்கென்றே முதலில் வந்தது ஸ்டான்ஃபோர்டில், 2013-ல். அங்கே கிளினிக்கில் சேரும் பருவம் முழுக்க மாணவருக்கு வேறு வகுப்பே இல்லை.

நான் நாத்திகன். எனக்கு ஒவ்வாத நம்பிக்கைக்காக எப்படி வாதாடுவது?

நம்பிக்கை சரியா என்பது உங்கள் வேலையும் இல்லை, நீதிபதி வேலையும் இல்லை. தாமஸ் வழக்கைப் (1981) படியுங்கள். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தொழிலாளி. உருக்குத் தகடு செய்வார். போர்க்கருவி செய்வது தன் மதத்துக்கு ஆகாது, பீரங்கி வண்டியின் சுழல்மேடை மட்டும் செய்ய மாட்டேன் என்று வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்டார், மறுத்தார்கள். அதே மதத்துச் சக ஊழியருக்கோ அதில் உறுத்தல் இல்லை. இருந்தும் உச்ச நீதிமன்றம் தாமஸ் பக்கமே நின்றது: வேத விளக்கம் சொல்வது நீதிமன்றத்தின் வேலையல்ல என்றது. அந்த மனிதர் உண்மையாகவே நம்புகிறாரா, அவ்வளவுதான் கேள்வி.

மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

முதல் பேட்டியில். ஒரு மாணவி, சிறையில் இருந்த முஸ்லிம் கட்சிக்காரரிடம் தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே, "இது குர்ஆனில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். மறுமுனையில் பேச்சு நின்றுபோனது. தன்னைப் பரீட்சை வைக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அடுத்த அழைப்புக்கு முன் நானும் அந்த மாணவியும் ஒத்திகை பார்த்தோம். இந்த முறை, "நோன்பு மாதத்தில் உங்கள் நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது: காலை உணவுத் தட்டு விடிந்த பிறகே வருகிறது, முந்தின இரவு ரொட்டியை எடுத்து வைத்தால் சோதனையில் பறிமுதல். சிறை நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் முழுக்க அந்த ரொட்டியை வைத்துத்தான்.

சிறை வழக்குகள் ஏன் இவ்வளவு?

சிறைவாசிகளின் வழிபாட்டு உரிமையையும் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று 2000-ல் வந்தது. அதன் கீழ் வந்த ஹோல்ட் வழக்கு (2015) ஒரு முஸ்லிம் சிறைவாசி வளர்க்க விரும்பிய அரை அங்குலத் தாடி பற்றியது. சிறையிலிருந்து கையால் எழுதிய மனுவே உச்ச நீதிமன்றம் வரை போனது. தாடியில் ஏதாவது ஒளித்துவிடுவார் என்றது ஆர்கன்சா சிறைத்துறை. அதைவிட நீளமான தலைமுடி இருக்கத் தாடியில் ஏன் ஒளிக்கப் போகிறார் என்றது நீதிமன்றம். ஒருமனதான தீர்ப்பு. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மாணவரே வாதாடலாமா?

பல மாநிலங்களில் முடியும். மேற்பார்வை வழக்கறிஞர் பொறுப்பேற்க வேண்டும்.

தமிழ்நாட்டில்?

பொதுவாக முடியாது. 1961 வழக்கறிஞர் சட்டப்படி, வழக்கறிஞராகப் பதிவு செய்தவரே வாதாடலாம். ஆனால் கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் பேட்டி எடுக்கலாம், மனு வரைவு எழுதலாம். சரி, வாதம் பிறகு வரட்டும், "உங்கள் நாள் எப்படிப் போகும்?" என்று கேட்க எந்தப் பதிவும் வேண்டாமே.