தாத்தா காலத்து ஏர் ரைபிள் குறி தவறிக்கொண்டே இருக்கிறது, எந்த பெல்லட் வாங்கலாம்?

டயானா 35, பேரலை (குழலை) மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் பழைய வகை, பத்து மீட்டரில் ஐந்து பெல்லட்டும் (சின்ன ஈயக் குண்டும்) ஐந்து திசையில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெல்லட் பெயரைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் என் பேரலுக்குப் பிடித்தது உங்கள் பேரலுக்கும் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதுங்க.

எங்கள் அப்புச்சி வைத்திருந்ததும் அதே மாடல்தான். தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் சாக்குச் சுற்றிக் கிடந்தது. எடுத்து வந்த வாரமே மூன்று வகை பெல்லட் வாங்கிச் சுட்டேன். மூன்றுமே கன்றாவி. தப்பு பெல்லட்டில் இல்லை என்று புரிய ஒரு மாதம் ஆனது.

கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் திருகுகள் மூன்றுமே லூசாக இருந்தன. ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் உதறுவதால் இவை தானாகவே கழன்றுகொண்டு வரும். பேரல் மடங்கும் இடத்து போல்ட்டையும் ஆட்டிப் பாருங்கள். அப்புறம் நான் செய்த முட்டாள்தனம்: துரு ஏறக்கூடாது என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். அடுத்த குண்டுக்குப் பட்டாசுச் சத்தமும் புகையும் வந்தது. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தும்போது சூடேறி எண்ணெய் பற்றிக்கொள்கிறது. கிணற்றடி டீசல் இஞ்சின் ஓடும் அதே தத்துவம். எண்ணெய் முழுக்கத் தீரும்வரை ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும், குரூப்பை, அதாவது துளைகள் ஒரே இடத்தில் கூடி விழுவதை, மறந்துவிடலாம்.

இதையெல்லாம் சரி செய்து, தூண்டில் நரம்பில் துணித்துண்டு கட்டி பேரலை இழுத்துத் துடைத்த பிறகுதான் பெல்லட் சோதனைக்கே வந்தேன்.

வெளியில் சுட்டால் ஒன்றும் தெரியாது. நான் ஆரம்பித்தது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று காற்றாலை வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரை கிராம் ஈயம் அதில் நேராகப் போகுமா? பல்லடத்தில் பெரியப்பாவின் விசைத்தறிக் கூடம் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. நீளமான கூடம், காற்று இல்லை, கடைசியில் மண் மூட்டை அடுக்கிய சுவர். கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆறு வகை வாங்கினேன். எடை 0.45 கிராமிலிருந்து 0.68 கிராம் வரை. நகைப்பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் தராசு கேட்டேன். "ஏங்கண்ணு, தங்கம் போடற தட்டுல ஈயத்தைப் போடறயே" என்று சலித்துக்கொண்டே கொடுத்தார். மலிவான டப்பாவில் ஒன்று 0.47, இன்னொன்று 0.56! அதைச் சுட்டுப் பார்க்கவே தேவையில்லை, மூடி வைத்துவிட்டேன்.

மீதி ஐந்து வகையிலும், பேரல் பழகட்டும் என்று முதலில் ஐந்து குண்டு கணக்கில் இல்லாமல், பிறகு பத்து குண்டு அட்டையில். ஐந்து குண்டுக் குரூப் ஆளை ஏமாற்றும். அதிர்ஷ்டத்தில் ஒரே ஓட்டையாக விழும், மறுநாள் வைத்துச் சுட்டால் சிதறும். துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை வெர்னியரில் அளந்து 4.5 மில்லிமீட்டர் கழித்தால் மையத்துக்கு மையம் எவ்வளவு என்று வந்துவிடும்.

விலை அதிகமான 0.68 கிராம் பெல்லட் 38 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிதறியது, போதாததற்கு துப்பாக்கியும் முரட்டுத்தனமாக உதறியது. தட்டைத் தலை 0.45 கிராம், 31 மில்லிமீட்டர். உருண்டைத் தலை 0.53 கிராமில், தலை விட்டம் 4.50 என்று போட்ட டப்பா 22, அதே பெல்லட்டில் 4.52 போட்ட டப்பா 13. பெயரும் எடையும் ஒன்று, விட்டத்தில் மட்டும் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம். எங்கள் பேரல் தேய்ந்ததா, பிறவியிலேயே கொஞ்சம் அகலமா தெரியாது. தள்ளும்போது 4.50 வழுக்கிக்கொண்டு போனது, 4.52 பேரலுக்குள் வெட்டியிருக்கும் புரியில் லேசாகக் கடித்து நின்றது. உங்கள் பேரலில் இது தலைகீழாகவும் இருக்கலாம்.

பிடிக்கும் விதமும் உண்டு. இந்த வகையில் பெல்லட் பேரலை விட்டுக் கிளம்பும் முன்பே பிஸ்டன் ஓட்டத்தால் துப்பாக்கி துள்ளிவிடும். தோளில் இறுக்கி, கட்டையை நெரித்துப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி துள்ளும். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் சும்மா படுக்க வையுங்கள். கட்டையை நேராக மேசையில் வைத்துச் சுடாதீர்கள். அந்த 13 மில்லிமீட்டர் பெல்லட்டே மேசையில் வைத்தபோது 27 ஆனது.

சட்டம் பற்றி: 4.5 மில்லிமீட்டர் வாய், குண்டு கிளம்பும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் கேட்பதில்லை. 0.51 கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 10 ஜூல்தான். அதற்காக மயில் சோளத்தைத் தின்கிறது, கிளி கதிரைக் கொத்துகிறது என்று அதன் பக்கம் திருப்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வேட்டை, குறி தவறினாலும் வேட்டைதான். அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் ஈயம் ஒட்டும், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று. அந்த 4.52 டப்பா தீர்ந்ததும் அதே பெயரில் இன்னொன்று வாங்கினேன், குரூப் 19 ஆகிவிட்டது. அடியில் ஒட்டியிருந்த லாட் எண், அதாவது எந்தத் தடவை தயாரித்தது என்று காட்டும் எண், வேறு. கடைக்காரரை நச்சரித்து முதல் லாட்டில் மிச்சமிருந்த நான்கு டப்பாவையும் வாங்கி வந்தேன். இப்போது இரண்டு இருக்கிறது.