ஸ்போக்ஸைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு கியர் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். என் எடை 92 கிலோ. பின் வீலில் ஸ்போக்ஸ் அடிக்கடி உடைகிறது. ஒன்றை மாற்றினால் சில வாரத்தில் இன்னொன்று. "உங்க வெயிட்டுக்குத் தாங்காதுண்ணே" என்கிறார் கடைக்காரர். ஏஜெண்ட் ஒருவர் 36 ஓட்டை ரிம், ஹப், 294 மி.மீ. ஸ்போக்ஸ் மூன்றையும் செட்டாகத் தருகிறேன், எந்த 28 இஞ்ச் வீலுக்கும் பொருந்தும் என்கிறார். வாங்கலாமா? வீட்டில் தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளின் 40 ஓட்டை ஹப் கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: ரிம்மையும் ஹப்பையும் வேண்டுமானால் அவரிடம் வாங்குங்கள். ஸ்போக்ஸை வாங்காதீர்கள். எந்த வீலுக்கும் பொருந்துகிற ஸ்போக்ஸ் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவருக்குத் தன் சரக்கைப் பற்றித் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

முதலில் எடை விஷயம். 92 கிலோ ஒழுங்காகக் கட்டிய வீலுக்கு ஒரு பாரமே இல்லை. பால் கேன்களும் ஆளுமாக இதைவிட அதிகச் சுமையோடு நம் ஊரில் சைக்கிள்கள் ஓடவில்லையா? ஸ்போக்ஸ் பெரும்பாலும் பாரத்தால் அறுவதில்லை, தளர்ச்சியால்தான் அறுகிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் பட்டென்று விடும் அல்லவா, அதுதான் ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் நடக்கிறது. வீல் ஒரு சுற்று சுற்றும்போது தரையை நோக்கி வரும் ஸ்போக்ஸின் இழுவிசை குறைந்து மறுபடி ஏறுகிறது. முதலிலேயே தளர்வாக இருந்தால் அந்த வளைவு ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து களைத்துப்போகிறது. உடைந்ததை மட்டும் மாற்றினால் களைத்துப்போன மற்றவை அப்படியே இருக்கின்றன. அடுத்தது அவற்றில் ஒன்றுதான்.

உடைந்தவை எந்தப் பக்கம் என்று பாருங்கள். எல்லாம் செயின் பக்கமாக இருந்து, வளைவுக்குப் பக்கத்தில் கீறல் தெரிந்தால், செயின் எப்போதோ பெரிய பல்லைத் தாண்டி உள்ளே விழுந்து கம்பியைக் கடித்திருக்கிறது. அப்படியானால் டிரெய்லியரின் (செயினைப் பல் மாற்றும் கருவியின்) உள் ஸ்க்ரூவைச் சரிசெய்யாமல் புது வீல் போடுவது வீண். இடது பக்கம் என்றால் தளர்ச்சிதான் காரணம்.

இடது பக்கம் ஏன் தளர்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின் ஹப்பில் வலது பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விடவேண்டியிருப்பதால் வலது ஃப்ளேஞ்ச் (ஸ்போக்ஸ் மாட்டும் ஓட்டைகள் உள்ள வட்டத் தகடு) நடுவை நோக்கித் தள்ளி உட்கார்ந்திருக்கும். ரிம் மட்டும் நடுவில் நின்றாக வேண்டும். அதனால் வலது கம்பிகள் குட்டை, இறுக்கம் அதிகம். இடது கம்பிகள் சற்று நீளம், இறுக்கம் குறைவு. வலது பக்கம் 100 முதல் 120 கிலோ வரை இழுவிசை வைத்தால் இடதில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். இதை மாற்ற முடியாது. வலதை முழு அளவுக்கு இறுக்கினால்தான் இடதுக்குப் போதுமான அளவு கிடைக்கும். கடைகளில் கோட்டம் எடுக்கும்போது இடதைத் தளர்த்தி நேராக்கிவிடுகிறார்கள். வீல் நேராக ஓடும், ஸ்போக்ஸ் உடையும்.

இப்போது அளவு. கையில் வந்த ஹப்பையும் ரிம்மையும் நீங்களே அளக்கவேண்டும். பெட்டியில் எழுதியதை நம்ப வேண்டாம் என்று சொல்லத் தேவையே இல்லை, பெரும்பாலும் பெட்டியில் ஒன்றும் எழுதியிருக்காது. "28" என்று ஒரே ஓர் எண். 635 மி.மீ. டயர் உட்காரும் பழைய பெரிய சைக்கிள் ரிம்மும் 28, 622 மி.மீ. கியர் சைக்கிள் ரிம்மும் 28. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. மில்லிமீட்டரில் அளவு எழுத உலகத் தரம் இருக்கிறது, டயரின் பக்கவாட்டில் அச்சிடவும் செய்கிறார்கள், ரிம் பெட்டிக்கும் ஹப் பெட்டிக்கும் மட்டும் அது எட்டவில்லை. காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார் 1949-ல் சென்னையில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கினார்கள். அவர்கள் ஊர்ப்பக்கத்தில் இன்றைக்கு ஒருவர் ஒரு ஹப்பின் அளவைத் தெரிந்துகொள்ள ஸ்கேலோடு உட்காரவேண்டியிருக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

சரி, அளப்போம். உடைந்த ஸ்போக்ஸ் இரண்டை எடுங்கள். மரை இருக்கும் முனையிலிருந்து சரியாக 200 மி.மீ. வைத்து வெட்டுங்கள். நிப்பிளின் (ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டின்) தலையில் இருக்கும் பிளவின் அடிமட்டம் வரை மரை வரும்படி முறுக்கி, ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளில் விட்டு இழுத்துப் பிடியுங்கள். வெட்டிய முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியோடு 400 கூட்டுங்கள். இடைவெளி 202 என்றால் உங்கள் ரிம்மின் கணக்கு விட்டம் 602. இன்னும் ஓரிரு இடத்தில் அளந்து பாருங்கள், எல்லா ரிம்மும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஹப்பில், ஃப்ளேஞ்சின் ஓட்டை நடுவிலிருந்து எதிர் ஓட்டை நடு வரை எவ்வளவு, ஒவ்வொரு ஃப்ளேஞ்சும் ஹப்பின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பாருங்கள். ஹப்பின் மொத்த அகலம் ஃபிரேமில் மாட்டும் இடைவெளிக்குச் சமமாக இருக்கவேண்டும். 135 மி.மீ. ஃபிரேமுக்கு 130 ஹப்பை வாங்கி நட்டு போட்டு நெருக்காதீர்கள்.

எடுத்துக்காட்டாக, ஃப்ளேஞ்ச் ஓட்டை வட்டம் 45 மி.மீ., இடது ஃப்ளேஞ்ச் நடுவிலிருந்து 35, வலது 20, 36 ஓட்டை, மூன்று குறுக்கு (ஒவ்வொரு ஸ்போக்ஸும் அதே பக்கத்தின் மூன்று ஸ்போக்ஸைக் குறுக்கே கடப்பது) என்று வைத்துக்கொள்வோம். 602 ரிம்முக்கு இடது 291, வலது 290 வரும். கணக்கை நீங்கள் போடவேண்டாம், ஸ்போக்ஸ் நீளம் கணக்கிடும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, இந்த எண்களைக் கொடுத்தால் போதும். இதே வீலை இரண்டு குறுக்காகக் கட்டினால் 6 மி.மீ. குறையும். ஃப்ளேஞ்ச் வட்டம் 60 ஆனால் 3 மி.மீ. குறையும். "எதற்கும் பொருந்தும்" என்பது எவ்வளவு பெரிய பொய் என்று பாருங்கள். கடையில் இரண்டு மில்லிமீட்டர் தாவல்களில்தான் கிடைக்கிறது என்றால், நெருக்கமான அளவுகளில் குட்டையானதை எடுங்கள்.

ஏஜெண்டின் 294 இந்த வீலின் வலது பக்கத்துக்கு 4 மி.மீ. நீளம். ஒற்றைச் சுவர் ரிம் என்றால் முனை நிப்பிளைத் தாண்டி நீட்டி டியூபைக் குத்தும், நீங்களும் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். இரட்டைச் சுவர் ரிம்மில் அது உள்ளே மறைந்துகொள்ளும். ஆனால் மரை முடிந்துபோய் நிப்பிள் மேலே ஏறாது, இறுக்கவே முடியாது. கட்டுபவர் "டைட் ஆயிடுச்சு" என்பார். ஆயிருக்காது. ஆறு மாதம் கழித்து உடைந்தால் அதே ஏஜெண்ட் உங்கள் எடையைச் சொல்வார். இன்னொரு வேலையும் நடக்கிறது: நீளமான கம்பியை வெட்டி, கையால் மரை போட்டுத் தருகிறார்கள். தொழிற்சாலையில் மரையை உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள், அதில் உலோகம் அறுபடுவதில்லை. கையால் வெட்டிய மரை அடியில் பலவீனமாக இருக்கும், அங்கேயே போகும். கம்பியின் மேல் காந்தம் வைத்துப் பாருங்கள்: வலுவாக இழுத்தால் அது மேல்பூச்சுப் பூசிய சாதா இரும்பு, ஸ்டெயின்லெஸ் லேசாகத்தான் ஒட்டும். 14 கேஜ் என்பது 2 மி.மீ., உங்களுக்குப் போதும். நிப்பிள் பித்தளையில் வாங்குங்கள்.

ரிம் இரட்டைச் சுவர், 36 ஓட்டை. ஹப்பும் 36 ஓட்டை. இதில் பேரமே இல்லை. செம்மண் புழுதிக்கு மூடிய பேரிங் நல்லது. ஃப்ரீவீல் மரையில் முறுக்கும் ஹப்பைவிட கேசட் ஹப்பை (பல்சக்கரங்களைச் செருகி மாட்டும் வகை) எடுங்கள். அதில் பேரிங் ஃபிரேமுக்கு நெருக்கமாக இருப்பதால் ஆக்ஸில் வளைவது குறைவு.

இனி தாத்தா ஹப். நம் பக்கத்தில் பல வீடுகளில் அந்தக் காலத்து இங்கிலீஷ் சைக்கிள்கள் இருக்கின்றன, காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. அதனால் இதற்கு விரிவாகவே சொல்கிறேன். அந்தச் சைக்கிள்களில் முன் வீல் 32 ஓட்டை, பின் வீல் 40 ஓட்டை. 40 ஓட்டை ஹப்புக்கு 40 ஓட்டை ரிம்தான் வேண்டும். அது 635 ரிம்மில்தான் எளிதாகக் கிடைக்கிறது. உங்கள் கியர் ஃபிரேமுக்கு அந்த ரிம் உதவாது, ஹப்பின் அகலமும் குறைவு, பல்சக்கரங்களும் ஏறாது. ஆகவே இந்த வேலைக்கு வேண்டாம். ஆனால் பெரிய சைக்கிளையே ஓட வைக்க நினைத்தால் அந்த ஹப் தங்கம், தூக்கிப் போடாதீர்கள். 40-க்கு நான்கு குறுக்கு போடுங்கள். கம்பி பிரேக் (ஒயர் இல்லாமல் இரும்புத் தண்டுகளால் இழுப்பது) இருக்கும் சைக்கிள் என்றால், பிரேக் கட்டை ரிம்மின் உள்முகத்தை மேல்நோக்கி அழுத்தும், பக்கவாட்டில் பிடிக்காது. அந்த முகம் புது மாதிரி ரிம்மில் இல்லை. ஆகவே 622 ரிம் போட்டால் பிரேக்கே இருக்காது. ஒயர் பிரேக் மாட்டியிருந்தால் மட்டும், முன் வீலின் 32 ஓட்டை ஹப்பில் புது 622 ரிம் கட்டலாம். அப்போதும் பிரேக் கட்டையை 6.5 மி.மீ. கீழே இறக்க வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரிம்முக்குப் பணம் கொடுங்கள்.

கட்டுவதை அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். மரைக்கு ஒரு துளி எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்ததும் பக்கத்துப் பக்கத்து ஸ்போக்ஸ் ஜோடிகளைக் கையால் அழுத்திப் பிசையச் சொல்லுங்கள். டக் டக்கென்று சத்தம் வரும், கம்பிகள் தத்தம் இடத்தில் உட்காரும் சத்தம் அது. அப்புறம் மறுபடி கோட்டம் எடுக்கவேண்டும். இதைச் செய்ய மறுப்பவரிடம் வீலைக் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு ஸ்போக்ஸை விரலால் மீட்டிப் பாருங்கள்: வலது பக்கம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சுருதி, இடது பக்கம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சுருதி, வலதைவிடக் கீழே. நடுவில் ஒன்று மந்தமாகக் கேட்டால் திருப்பிக் கொடுங்கள். காரைக்குடிக்கு நாலைந்து தடவை போய் வந்த பிறகு இன்னொரு தடவை மீட்டிப் பாருங்கள்.