பல மொழி, பல பண்பாட்டுக்கு நடுவே வளர்ந்தது உங்கள் தொழிலை எப்படித் தீர்மானித்தது?

அம்மா வீட்டில் ஒரு மொழி, அப்பா வீட்டில் வேறு மொழி, பள்ளிக்கூடத்தில் மூன்றாவது. இன்று மருத்துவமனையில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறேன், புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு இதில் பயிற்சியும் கொடுக்கிறேன். என்னை இந்த வேலைக்குத் தள்ளியது பன்னிரண்டு வயதில் நான் செய்த ஒரு தப்பு.

பாட்டிக்குத் துணையாகப் போயிருந்தேன், டாக்டர் பேசும் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். கட்டி புற்றுநோயாக இருக்கலாம், கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வாய் வரவில்லை. "ஒண்ணும் இல்ல பாட்டி, சும்மா ஒரு டெஸ்ட் எடுக்கணுமாம்" என்றேன். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு டெஸ்ட் என்று பாட்டி எழுந்து வந்துவிட்டார். அந்தச் சோதனை நடந்தது நான்கு மாதம் கழித்துத்தான், அந்த நான்கு மாதம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். அமெரிக்காவில் 2016-இல் வந்த விதி, அவசரநிலை தவிர மற்ற நேரத்தில் சிறுவர்களை நம்பி மொழிபெயர்க்கக் கூடாது என்றே சொன்னது. 2003-இல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வெளிநோயாளர் பிரிவில் பதிவு செய்த 13 உரையாடல்களில் ஒவ்வொன்றிலும் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன, அதிகம் நடந்தது சொன்னதைச் சொல்லாமல் விடுவது. நான் செய்ததும் அதேதான்.

வீட்டில் கற்றது என்னவென்றால், ஒரே சொல் ஆளுக்கு ஆள் மாறும். அப்பா பக்கத்தில் "சரி" என்றால் செய்துவிடுவார்கள், அம்மா பக்கத்தில் "சரி" என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். இதைப் பார்த்து வளர்ந்ததால் நோயாளி தலையாட்டியதும் எனக்கு நிம்மதி வருவதில்லை. மருந்தை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்வேன். 'மயக்கமா இருக்கு' என்று ஒருவர் சொன்னால், தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவு தப்பிக் கீழே விழுந்தாரா என்று கேட்காமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தைகூட எடுத்துப் போக மாட்டேன், ஏனென்றால் மூன்றுக்கும் தேடவேண்டிய காரணம் வேறு.

'இந்த இனத்தவர் இப்படித்தான்' என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் பயிற்சிகள் எனக்குப் பிடிக்காது. ஒரே வீட்டிலேயே என் இரண்டு சித்திகள் ஒத்துப்போனதில்லை. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர், மானுடவியலாளரும்கூட, 1978-இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில் நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கொடுத்தார்: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்வதில்லை, அப்போது நான் குறுக்கே பேசாமல் காத்திருப்பேன்.

இந்தத் துறைக்கு வர நினைத்தால் மொழி தெரியும் என்ற தைரியத்தில் மட்டும் வராதீர்கள், முறையாக மொழிபெயர்ப்புப் பயிற்சி எடுங்கள். பாட்டி முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு மொழியும் நன்றாகவே தெரியும்.