கருகல் வாசம் வந்தது, நெருப்பே இல்லையே! எதற்கு விமானத்தை இறக்கினார்கள்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மாதம் கோவையிலிருந்து ஷார்ஜா போகும்போது, கிளம்பி அரை மணி நேரத்தில் எங்கள் வரிசைப் பக்கம் வயர் கருகிய வாசம். பக்கத்து சீட் பெரியவர்தான் முதலில், "ஏனுங்க தம்பி, என்னமோ கருகற வாசம் வருதுங்களா?" என்றார். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டோம். அப்புறம் பணிப்பெண்கள் வந்து சுவரையும் கூரையையும் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். விளக்குகளை அணைத்தார்கள். தீயணைப்பு சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களே தவிர அடிக்கவில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கும் விழவில்லை. கோவைக்கும் திரும்பாமல் கொச்சியில் இறக்கினார்கள். விளக்கில் ஏதோ பழுது, தீ இல்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒரு நாளும் பையர் மீட்டிங்கும் போனதுதான் மிச்சம். இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா? மறுபடி இப்படி ஆனால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மீட்டிங் போனது வருத்தம்தான். ஆனால் பல வருடம் விமானப் பணியாளர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி அந்தப் பத்து நிமிடம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு பேல் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) பற்றிக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அடித்து அணைத்தாயிற்று, புகையும் நின்றாயிற்று என்று எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். பஞ்சுக்கு உள்ளே கனன்றுகொண்டே இருந்தது ராத்திரி மறுபடி எரியும். அனுபவமுள்ள மில் ஆட்கள் அந்த பேலை வெளியே இழுத்துப் போட்டு, பிரித்து, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். விமானத்திலும் ஆபத்தான தீ பெரும்பாலும் இப்படிக் கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கும்: சுவர்த் தட்டுக்குப் பின்னால், கூரைக்கு மேலே, கழிவறைக்குள். ஒரே வித்தியாசம், இங்கே எதையும் வெளியே இழுத்துப் போட முடியாது.

1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா 797-இல் நடந்தது அதுதான். பின்பக்கக் கழிவறையிலிருந்து புகை வந்தது. பணியாளர் சிலிண்டரை அடித்தார், தீச்சுவாலை எதுவும் கண்ணில் படவில்லை. புகை குறைகிறது என்று காக்பிட்டுக்குத் தகவல் போனது. கேப்டன் இறங்கும் முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார். உள்ளே தீ வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் சின்சினாட்டியில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். கதவுகள் திறந்து ஒன்றரை நிமிடத்துக்குள், வெளிக்காற்று பட்டதும் கேபின் முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். இன்று கழிவறைக்குள் புகை உணரும் கருவி இருப்பதற்கும், நடைபாதை ஓரம் தரையோடு விளக்குகள் ஒளிர்வதற்கும் அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று 1998 செப்டம்பர் 2, ஸ்விஸ் ஏர் 111. காக்பிட்டில் லேசான வாசம் வந்தபோது அது ஏ.சி. சமாச்சாரம் என்றுதான் விமானிகள் முதலில் நினைத்தார்கள். வாசம் தெரிந்ததிலிருந்து கடலில் விழுந்தது வரை சுமார் 20 நிமிடம். 229 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உடனே திரும்பியிருந்தாலும் அந்த விமானம் தப்பியிருக்காது என்பது விசாரணையின் முடிவு. என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் பயமுறுத்துகிறது. மூக்கில் ஏறும் வாசம் எவ்வளவு சின்னது என்பதை வைத்து உள்ளே இருக்கும் தீயை அளக்க முடியாது. ஆகவே வாசம் வந்தால், இல்லை என்று நிரூபணமாகும் வரை அதைத் தீயாகவே நடத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். விளக்குப் பழுது என்பது கொச்சியில் தட்டைக் கழற்றிய பிறகு தெரிந்தது. 30,000 அடியில் அது யாருக்கும் தெரியாது.

சரி, நீங்கள் பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

புறங்கை எதற்கு? புறங்கைத் தோல் மெல்லியது, சூடு சீக்கிரம் உறைக்கும். அதோடு, உள்ளங்கை வெந்துவிட்டால் சிலிண்டரை எதைக்கொண்டு பிடிப்பது? பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் நான் உள்ளங்கையை வைத்துக் கதவைத் தொட்டேன். பயிற்சியாளர் என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி, "இனி உனக்கு ஒரு கைதான்" என்றார். அதற்கப்புறம் வீட்டில் தோசைக்கல் சூட்டைக்கூடப் புறங்கையைக் காட்டித்தான் பார்க்கிறேன்.

சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் ஹாலான் என்ற வாயு. அளவு கொஞ்சம், சில விநாடிகளில் தீர்ந்துவிடும். எங்கே என்று தெரியாமல் கூரையைப் பார்த்து அடித்தால் வீண். சூடான இடம் அகப்பட்டால்தான் அங்கே தட்டைக் கொஞ்சமாகத் திறந்து சிலிண்டரின் மூக்கை உள்ளே விட்டு அடிப்பார்கள். விளக்குகளை அணைத்தது மின்சாரத்தை நிறுத்தத்தான். கண்டுபிடித்தவர் தீயோடு இருப்பார், ஒருவர் இன்டர்போனில் கேப்டனோடு பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் சிலிண்டர், புகைக் கவசம் எல்லாம் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் கவசம் தலையை முழுக்க மூடும் உறை. கழுத்து ரப்பர் இறுக்கிப் பிடிக்கும், தன் மூச்சுச் சத்தம்தான் காதில் கேட்கும், சுமார் கால் மணி நேரம் தாங்கும். அதை மாட்டிக்கொண்டு ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். பேச்சு வெளியே தெளிவாக வராததால் கையைக் காட்டுவார், அவ்வளவுதான்.

ஆக்சிஜன் மாஸ்க் எல்லோரும் கேட்கும் கேள்வி. உங்கள் தலைக்கு மேல் இருப்பது கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் தருவதற்கு. அது கேபின் காற்றையும் கலந்தே இழுக்கும். புகை இருந்தால் புகையும் சேர்ந்து உள்ளே போகும். போதாததற்கு, எரிகிற இடத்தில் ஆக்சிஜனைத் திறந்துவிடுவது அடுப்புக்கு ஊதுகுழல் பிடிக்கிற வேலை. விமானிகளின் மாஸ்க் வேறு ரகம்: முகத்தில் இறுக்கமாக ஒட்டி முழு ஆக்சிஜன் தரும், கண்ணுக்கும் மறைப்பு உண்டு. உங்களுக்கு ஈரத்துணிதான் உதவும். ஏர் கனடாவிலும் அதைத்தான் கொடுத்தார்கள்.

கொச்சி ஏன்? எந்த ஓடுபாதை எத்தனை நிமிடம், அங்கே வானிலை எப்படி, தீயணைப்பு வண்டிகள் தயாரா என்பதுதான் கேப்டனின் கணக்கு. உங்கள் கார் பீளமேடு பார்க்கிங்கில் நிற்பது அந்தக் கணக்கில் வராது.

இப்போது அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். அடுத்த முறை சும்மா இருக்காதீர்கள். வாசம் வந்ததும் அழைப்பு பட்டனை அழுத்துங்கள். உடனே யாரும் வராவிட்டால் எழுந்து போய்ச் சொல்லுங்கள். எத்தனையாவது வரிசை, எப்போதிலிருந்து, எந்த மாதிரி வாசம், கூடுகிறதா குறைகிறதா: இந்த நான்கும் போதும். கேபினில் பணியாளர்கள் போகாத மூலைகளில் உங்கள் மூக்குதான் கருவி. ஓவனில் சாப்பாடு தீய்ந்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஈரப்பதமான நாளில் ஏ.சி. துவாரத்திலிருந்து வெள்ளைப் பனிபோல இறங்கும், அதற்கு வாசம் இருக்காது, உடனே கரைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மேலே இருக்கும் லாக்கரை நீங்களாகத் திறக்காதீர்கள். இடம் மாறச் சொன்னால் பையை விட்டுவிட்டு மாறுங்கள், சாம்பிள் பையாகவே இருந்தாலும். புகை வந்தால் குனிந்து போங்கள், கீழேதான் காற்று நன்றாக இருக்கும். உட்கார்ந்த உடனேயே வெளியேறும் கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாது, சீட்டைத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். உடை விஷயம் திருப்பூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை: பருத்தி கருகும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இன்றைக்கு எனக்கு வயரைவிட பவர் பேங்க்தான் கவலை. அது வீங்கினாலோ சுட்டாலோ கையில் எடுக்காதீர்கள், போர்வை போட்டு மூடாதீர்கள், விலகி நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள். அவர்கள் சுவாலையை அடக்கிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், உங்கள் பாட்டிலைக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு செல் எரிந்தால் அடுத்த செல்லையும் சூடாக்கும், பேல் கதைதான். போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடாதீர்கள். நசுங்கிய பேட்டரி அங்கேயே பற்றிக்கொள்ளும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அதற்கு மேல் கிடையாது. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர். கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை. இந்த அளவு எழுதியிருப்பது அழிந்துபோன பவர் பேங்க் உங்கள் பையில் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கினால் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது.